செவத்தி வீம்புக்குச் செய்யவில்லை

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு விடியக்காலம் மூன்று மணி. கிளம்புவதற்காக எழுந்து, லைட்டைக்கூடப் போடாமல் ஹாலுக்கு வந்தவள் வழுக்கி, திவானைப் பிடித்துக்கொண்டதால் தப்பித்தேன். சின்னவன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுத் தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தேன். லைட்டைப் போட்டால், மஞ்சளே இல்லாமல் பச்சைத் தண்ணீர் மாதிரி ஒரு குளம், மூலையில் காதை மடக்கிக்கொண்டு எங்கள் நாய் செவத்தி. அந்தத் தண்ணீரின் நிறத்தை அன்றைக்கே யோசித்திருந்தால் பத்து நாள் பாடு மிச்சமாகியிருக்கும், அப்போது எனக்கு அது தெரியாது.

செவத்திக்கு அப்போது ஆறு வயது. என் வீட்டுக்காரரின் ஊர் உசிலம்பட்டிப் பக்கம், அங்கே தோட்டத்தில் கன்னி இனத்து நாய் ஒன்றுக்கும் ஏதோ ஒரு நாட்டு நாய்க்கும் பிறந்தவள். ஒல்லிக் கால், செம்மண் நிறம், 16 கிலோ. ஐந்து மாதக் குட்டியாக இருந்தபோதே வெளியே போகப் பழகிக்கொண்டாள். அதற்கப்புறம் மழை கொட்டினாலும் கதவைப் பிராண்டி, பக்கத்துக் காலி பிளாட்டில் வேப்பமரத்தடிக்குப் போய் இருந்துவிட்டுத்தான் வருவாள். நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி லேட்டாக வந்த அன்றைக்கு, கதவைத் திறந்ததும் எங்களைக்கூடக் கண்டுகொள்ளாமல் பிளாட்டுக்கு ஓடினாளே தவிர, உள்ளே ஒரு சொட்டு விடவில்லை. அப்படிப்பட்டவள்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நாங்கள் இருப்பது மதுரையில் புதூர்ப் பக்கம், அழகர் மலையிலிருந்து வருகிற வழி. அழகரை எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்றைக்கு வேட்டும் கொட்டுமாக ஊரே அதிரும். அந்தப் பயத்தில்தான் போயிருக்கிறாள், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றார் வீட்டுக்காரர். மாமாவுக்கு வேறு கணக்கு. பங்குனி மாதமே அந்தக் காலி பிளாட்டில் எம்-சாண்ட் கொட்டி, வானம் தோண்டி, சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். "அவ எடத்த மூடிட்டாய்ங்க, அவ எங்கம்மா போவா" என்றார். நான் வெயிலைச் சொன்னேன். சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிக்கிறாள், குடித்தால் போகத்தானே வேண்டும்? அத்தை மட்டும், "செல்லங் குடுத்துக் கெடுத்து வச்சிட்டு... திமிருடி அதுக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

திமிரை விட்டுவிடுங்கள், மற்ற மூன்றும் முட்டாள்தனமான காரணங்கள் இல்லை. வேட்டுச் சத்தத்தில் அடக்க முடியாமல் போகிற நாய்கள் உண்டு, போகிற இடம் மாறினால் குழம்புகிற நாய்கள் உண்டு. அதுதான் எங்களைக் கெடுத்தது. கையில் மூன்று நல்ல காரணம் இருந்ததால் நாலாவது ஒன்றை யாரும் தேடவே இல்லை.

அடுத்த பத்து நாளில் நாங்கள் செய்த தப்புகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முக்கால்வாசி வீடுகளில் இதையேதான் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் தப்பு, திட்டியது. மூன்றாவது நாள் என் பொறுமை போய்விட்டது (துடைக்கிறது யார், நான்தானே). அவளைக் கழுத்துப்பட்டையோடு இழுத்து வந்து, அந்த இடத்தில் மூக்கை அழுத்தி, பேப்பரைச் சுருட்டித் தரையில் படார் படார் என்று அடித்தேன். அவள் உடம்பைக் குறுக்கி, வாலைக் காலுக்கிடையில் செருகி, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "பாரு, தப்புன்னு அதுக்கே தெரியுது" என்றேன். அப்புறம் பெரியவன் ஒரு விஷயத்தைத் தேடிப் படித்துக் காட்டினான். 2009இல் நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்கிற ஆராய்ச்சியாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்திருக்கிறார். சாப்பிடாதே என்று சொல்லி ஒரு தின்பண்டத்தை வைத்துவிட்டு உரிமையாளரை வெளியே அனுப்புவது, திரும்பி வந்ததும் நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்வது, சில சமயம் பொய்யாக. அந்தக் 'குற்றவாளி முகம்' நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்துத்தான் வந்தது. தப்பே செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் அந்த முகத்தை இன்னும் அதிகமாகக் காட்டின. ஆக நான் பார்த்தது குற்ற உணர்ச்சி இல்லை, என் கையில் இருந்த பேப்பரைப் பார்த்த பயம்.

அதோடு போகவில்லை. எப்போதோ ராத்திரி போனதற்கும் காலையில் விழுகிற திட்டுக்கும் நாய் முடிச்சுப் போடாது. அது கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான், இந்தம்மா முன்னாடி மூத்திரம் இருந்தால் ஆபத்து. அன்றையிலிருந்து செவத்தி ஹால் நடுவில் போவதை நிறுத்திவிட்டுத் திவானுக்குப் பின்னால் போக ஆரம்பித்தாள். வெளியே சங்கிலியில் கூட்டிப்போனாலும் என்னைப் பார்த்துப் பார்த்து அடக்கிக்கொண்டாள், வீட்டுக்கு வந்து நான் அடுப்படிக்குள் போனதும் இருந்தாள். இதைத்தான் நாங்கள் வீம்பு என்றோம்.

இரண்டாவது தப்பு இதைவிட மோசம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் தண்ணீர்ச் சட்டியை எடுத்து வைத்துவிட்டோம். குடிக்காவிட்டால் போகமாட்டாள் என்கிற கணக்கு. அவள் பாத்ரூம் வாளியில் தலையை விட்டுக் குடித்தாள். பாத்ரூமைச் சாத்தினோம், துளசித் தொட்டித் தட்டில் தேங்கி நின்றதை நக்கினாள்.

அப்போதுதான் மாமாவுக்குப் பொறி தட்டியது. ரிட்டயர் ஆகும்வரை ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்தவர், எதையும் அளந்து எழுதாவிட்டால் தூக்கம் வராது. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து சட்டியில் ஊற்றி, தீரத் தீர ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தைக் கழித்து தினசரிக் காலண்டர் தாளில் எழுதினார். 2,700 மில்லி. நாய்க்கு ஒரு நாளைக்கு, ஒரு கிலோ எடைக்கு ஐம்பது அறுபது மில்லி என்பது சராசரி. வெயிலில் கூடும், வெறும் உலர் தீவனம் தின்கிற நாய்க்கும் கூடும். ஆனால் கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் உடம்பில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இவளுடைய 16 கிலோவுக்கு அது 1,600. வெயில் வெயில் என்று நான் சொன்னது அந்த ஒரு தாளோடு விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலமே ஈரல் போட்டுப் பிசைந்த சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தாள். செவத்தி ஈரலை வேண்டாம் என்று சொன்னால் வேறு சாட்சி தேவையில்லை.

டாக்டரம்மாவிடம் நாங்கள் வேட்டு, பிளாட்டு, தகரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கடைசியா எப்பம்மா ஹீட் வந்துச்சு?" என்றார், இணை சேருகிற பருவத்தைத்தான் கேட்டார். மாசி மகத்தை ஒட்டி. சொல்லி முடிப்பதற்குள் ஸ்கேன் மேஜையில் படுக்க வைக்கச் சொல்லிவிட்டார்.

கர்ப்பப்பையில் சீழ். பயோமெட்ரா என்கிறார்கள். பெண் நாய்க்கு ஹீட் முடிந்தபின் இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு உடம்பு சினையாக இருப்பது போலவே நடந்துகொள்ளுமாம். கர்ப்பப்பையின் உள்சுவர் தடிக்கும், ஹீட் சமயத்தில் உள்ளே ஏறிய கிருமிக்கு அது நல்ல மெத்தை. ஹீட் முடிந்த சில வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரைதான் இதற்குப் பேர்போன காலம். மாசிக்கும் சித்திரைக்கும் நடுவே எத்தனை வாரம் என்று எண்ணிப் பாருங்கள். கர்ப்பப்பை வாய் திறந்திருந்தால் நாற்றத்தோடு கசியும், பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். இவளுக்கு மூடியிருந்தது, வெளியே ஒரு அடையாளமும் இல்லை.

அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு ஊசி குத்தினமாதிரி இருந்தது. அந்தக் கிருமியின் நச்சு சிறுநீரகத்தைக் கெடுத்து, தண்ணீரை உடம்பில் நிறுத்தி வைக்க முடியாமல் செய்துவிடுகிறதாம். அதனால்தான் நிறமே இல்லாமல் பச்சைத் தண்ணீராகப் போனது. அவள் குடித்ததால் போகவில்லை, போனதால் குடித்தாள். அப்படிப்பட்டவளிடமிருந்துதான் நான் சட்டியைப் பிடுங்கி வைத்திருந்தேன். நிறைய மூத்திரம் போகிற நாய்க்கு, என்ன வியாதி என்று தெரியும்வரை தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள், தரை எத்தனை தடவை நனைந்தாலும் பரவாயில்லை.

ரத்தம் பார்த்தார்கள், வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம். ட்ரிப்ஸ் ஏற்றி, மறுநாள் காலை ஆபரேஷன் செய்து, கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு எல்லாம் சேர்த்து 16,000 சொச்சம் ஆனது. கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வரும் என்றார் டாக்டரம்மா. குட்டியிலேயே ஆபரேஷன் பண்ணியிருக்கலாமே என்றால், "பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்று சொல்லிச் சொல்லியே ஆறு வருஷம் ஓட்டியவர்கள் நாங்கள். குட்டியும் போடவில்லை.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். தையல் பிரித்து, ஈரலைக் கேட்டு வாங்கித் தின்ன ஆரம்பித்து, தண்ணீரும் எண்ணூறு தொள்ளாயிரத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் திவானுக்குப் பின்னால் போவது நிற்கவில்லை. தினமும் இல்லை, இரண்டு நாளைக்கு ஒருதடவை.

இப்போது நாங்கள் கொஞ்சம் உஷார். பழக்கமா, இன்னும் வியாதியா என்று பிரிக்க மூத்திரத்தைச் சோதிக்கலாம், கொண்டு வாருங்கள் என்றார்கள். நாயிடம் மூத்திரம் பிடிப்பது ஒரு கலை. பழைய குழம்புக் கரண்டியைக் கொதிதண்ணீரில் கழுவி, ஒரு குச்சியில் கட்டி, காலையில் முதல் தடவை அவள் குந்தியதும் பின்னாலிருந்து மெதுவாக நீட்டினேன். முதல் நாள் கரண்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள், இரண்டாம் நாள் கிடைத்தது. முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும், சுத்தமான டப்பாவில் ஊற்றி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் (அத்தைக்குத் தெரியாமல்). கிருமி இல்லை, சர்க்கரை இல்லை, எல்லாம் சரியாக இருந்தது.

அப்படியானால் மீதி எங்கள் வேலை. மூன்றாவது தப்பு இங்கேதான் வெளியே வந்தது, பினாயில். தினமும் மூடி மூடியாக ஊற்றித் துடைத்தேன், என் மூக்குக்கு வீடு மணத்தது. பினாயில் வாடை நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கு அதற்கு அடியில் இருப்பதை எடுத்துவிடும். போதாததற்கு ஈரம் காயுமுன் மிதித்துப் பாதத்தை நக்கினால் அதுவும் கெடுதல். அம்மோனியா கலந்த கிளீனர் இன்னும் மோசம், அது மூத்திர வாடைக்குச் சொந்தக்காரன், இங்கேயே வந்து போ என்று பலகை வைத்த மாதிரி. பெரியவன் கள்ளநோட்டு பார்க்கிற நீல டார்ச் ஒன்று வாங்கி வந்து, ராத்திரி லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு ஹாலில் அடித்தான். பார்த்தால் எனக்கு அழுகையே வந்தது. நான் துடைத்துவிட்டேன் என்று நினைத்த இடமெல்லாம் வெளிறிப்போய் மின்னியது, டைல்ஸ் இடுக்கில், திவான் காலில், கர்ட்டன் ஓரத்தில். எனக்கே தெரியாத இடம் இரண்டு.

என்சைம் கிளீனர் என்று ஆன்லைனில் கிடைக்கிறது, அது மூத்திரத்தில் உள்ளதையே கரைத்து அழிக்கும். ஊற்றி உடனே துடைத்தால் பிரயோஜனம் இல்லை, பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் ஊற விட வேண்டும். அது வருகிறவரை வினிகரும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து துடைத்து, சமையல் சோடா தூவி, காய்ந்தபின் கூட்டி எடுத்தேன். திவான் மெத்தையைக் காப்பாற்ற முடியவில்லை, தேங்காய் நாருக்குள் இறங்கிவிட்டது, குப்பை வண்டியில் போட்டோம்.

அடுத்தது, அவளுக்கு ஒரு வேப்பமரத்தடி தேடித் தர வேண்டும். மாமா சொன்னது இந்த விஷயத்தில் முழுக்கச் சரி. தெருக்கோடியில் வாய்க்கால் ஓரம் கொஞ்சம் மண்ணும் புல்லுமாக ஓர் இடம் உண்டு. அவள் வீட்டுக்குள் போனதைத் துடைத்த துணியைக் கவரில் போட்டு எடுத்துப்போய், அந்தப் புல்லில் தேய்த்துவிட்டு வந்தார் மாமா. தெருவில் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ. பிறகு ஆறு வயது நாயை நாலு மாதக் குட்டியாக நினைத்துக்கொண்டோம். எழுந்ததும், சாப்பிட்டதும், பகல் தூக்கம் கலைந்ததும், படுக்குமுன், நடுவில் மூன்று மணி நேரத்துக்கு ஒருதடவை என்று சங்கிலியில் கூட்டிப்போனோம். இருந்து முடித்த அந்த நொடியில், அங்கேயே, வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. வீட்டுக்கு வந்து கொடுத்தால் வீட்டுக்கு வந்ததற்குக் கொடுத்ததாகத்தான் எடுத்துக்கொள்வாள். நான் போனால் இன்னும் அடக்கினாள், அதனால் முதல் இரண்டு வாரம் மாமாதான் போனார், நான் பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். என்னை மன்னிக்க அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. வீட்டுக்குள் கண் படாமல் திரிய விடவில்லை, யாரும் பார்க்க முடியாத நேரத்தில் எங்கள் ரூமில் வைத்துச் சாத்திக்கொண்டோம். நடுவில் இரண்டு தடவை போனாள், ஒரு வார்த்தை பேசாமல் துடைத்தோம். ஆடி பிறக்கும்போது நின்றுவிட்டது.

இந்தக் கதை தெருவில் பரவியதிலிருந்து ஆளாளுக்கு வந்து கேட்கிறார்கள், நான் டாக்டர் ஆகிவிட்ட மாதிரி. நான் திருப்பிக் கேட்பது எங்கே, எப்போது, எவ்வளவு, எந்த நிலையில் என்பதைத்தான். எதிர் வீட்டு ஆண் நாய் கைக்குழந்தை வந்ததும் ஃப்ரிட்ஜிலும் தொட்டில் காலிலும் காலைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தது, அது எல்லை போடுகிற வேலை. பக்கத்துத் தெரு லாப்ரடார் நாய், பெண், கருத்தடை செய்தது, தூங்கி எழுந்தால் படுத்த இடம் நனைந்திருக்கும், அதற்கே தெரியாது. கருத்தடைக்குப்பின் சில நாய்களுக்கு வால்வு தளர்ந்து கசியுமாம், மாத்திரையில் நன்றாகக் கேட்கிறது (இதற்குப் பயந்து செவத்திக்குச் செய்ததுபோல் தள்ளிப்போடாதீர்கள்). என் தோழி வீட்டுப் பொமரேனியனுக்குப் பதின்மூன்று வயது, சுவர் மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, கதவின் கீல் பக்கம் போய்த் திறக்கக் காத்திருக்கிறது, அது வயசான மூளைக் குழப்பம். இன்னொருவர் உண்ணிக் கடி அரிப்புக்கு ஊசி போட்ட மறுநாளிலிருந்து என்றார். ஸ்டீராய்டாக இருந்தால் தாகமும் மூத்திரமும் கூடத்தான் செய்யும், டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையும் கொடுத்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள் என்றேன். ஆளில்லாதபோது மட்டும் போகிறதென்றால் தனிமைப் பயம். ஆளைக் கண்டதும் குழைந்து நாலு சொட்டு விட்டால் அது பணிவு, திட்டினால் கூடும். அடிக்கடி குந்திச் சொட்டுச் சொட்டாகப் போனாலோ ரத்தம் கலந்தாலோ மூத்திரப்பையில் கிருமியோ கல்லோ இருக்கலாம். முக்கி முக்கி ஒன்றுமே வரவில்லையென்றால், அதுவும் ஆண் நாய் என்றால், என்னிடம் பேசிக்கொண்டிருக்காமல் ஆட்டோவைப் பிடியுங்கள்.

இந்தச் சித்திரையில் எதிர்சேவை அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கே, கொட்டுச் சத்தம் தெருவுக்குள் வருமுன், மாமா அவளை வாய்க்கால் பக்கம் கூட்டிப்போய் வந்துவிட்டார். ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்து, உள்ரூமில் கட்டிலுக்கடியில் அவளுடைய சாக்கைப் போட்டோம். நடுங்கினாள்தான். தண்ணீர்ச் சட்டி பக்கத்திலேயே இருந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு வேட்டு ஓய்ந்த ஒரு இடைவெளியில் வந்து என் காலைப் பிராண்டினாள். நைட்டி மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்குள் பார்த்துப் பார்த்து, சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு போனேன். புல்லில் குந்தினாள். ஈரலை எடுத்துவர மறந்துபோயிருந்தேன், எதிரே பந்தலில் விசிறியும் பானகமும் கொடுத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டு ஒரு பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.